கோகிலாவின் பெயரை எடுத்துவிடு

கண்ணு,

நீ அனுப்பிய கட்டுரையை முழுக்கப் படித்துவிட்டேன். போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே வைத்துவிடுவாய், எனக்கும் பாதியில் கோபம் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். மணி அடித்த பிறகும் வகுப்பை விடாதவள் என்று காலேஜில் பெயர் வாங்கியவள் உன் அம்மா, பொறுத்துக்கொள். படித்து முடித்த கையோடு போனை எடுக்காதே. ஒரு நாள் வைத்திருந்து இன்னொரு தடவை படித்துவிட்டு அப்புறம் பேசு.

கட்டுரை நன்றாக வந்திருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் திட்டுவதற்கு இடம் வேண்டும். இந்தப் பாம்புச்சோளத்தை மலை மலையாகப் போய் இவ்வளவு பொறுமையாகப் பார்த்தவர்களை நான் அறியேன். மருமகளும் இதைப் படிக்க வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், முகத்தைச் சுளிக்காதே. சேனை, சேம்பு வகையறாவில் ஒரு காட்டுச் செடி இது. மழை விழுந்ததும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து பாம்புத்தோல் மாதிரி புள்ளி போட்ட தண்டு ஒன்று எழும்பும். உச்சியில் இலை குடையாக விரியும். பக்கத்தில் படமெடுத்த மாதிரி ஒரு மடல், அந்த மடலுக்குள்ளிருந்து வால் போல ஒன்று வெளியே நீளும். காய்த்துப் பழுத்தால் சிவப்புச் சோளக்கருதுதான். சேர்வராயனில் இருப்பதற்கு ஒரு பெயர், பச்சைமலையில் இருப்பதற்கு ஒரு பெயர், கல்வராயனில் இருப்பதற்கு ஒரு பெயர் என்று ஆளாளுக்குப் போன இடத்தில் பெயர் வைத்துவிட்டு வந்திருந்தோம். நீ எல்லா மலையும் ஏறி, இங்கே முடிகிற வடிவம் அங்கே மெதுவாக மாறித் தொடங்குகிறது, நடுவில் கோடு கிழிக்க இடமே இல்லை, எல்லாம் ஒரே இனம் என்று காட்டியிருக்கிறாய். முதலில் வைத்த பெயர்தான் நிற்கும் என்பது நம் தொழிலின் சட்டம். அதன்படி மற்ற பெயர்களையெல்லாம் தயவு தாட்சண்யம் இல்லாமல் அந்தப் பழைய பெயருக்குக் கீழே தள்ளிவிட்டாய். அதில் ஒரு பெயரை வைத்தவர் எனக்கே பாடம் எடுத்தவர். அவரையும் நீ விடவில்லை. சபாஷ் என்று சொல்லிக்கொண்டே படித்து வந்தேன்.

கொல்லிமலைக்கு வந்ததும் உன் பேனா தயங்கிவிட்டது. உன் அக்கா கோகிலாவின் பெயரில் நான் எழுதிய இனம் மட்டும் தனியாக நிற்கிறது. "போதிய மாதிரிகள் இல்லை, கூடுதல் ஆய்வு தேவை, இப்போதைக்குத் தனி இனமாகவே கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? சந்தோஷப்பட்டாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. அடுக்களையிலிருந்து நேராக அப்பாவிடம் போய், எல்லா மலைச் செடியையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டான், நம் பிள்ளையை மட்டும் சேர்க்க முடியவில்லை என்று பெருமையாகச் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அவ எப்பவும் தனியாத்தான் நிப்பா" என்று சிரித்தார். மதியம் ஒரு வாய் சோறு கூடுதலாகச் சாப்பிட்டார் மனிதர். அந்தச் சிரிப்பைத்தான் நானே என் கையால் பிடுங்கிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது, அதைப் பிறகு சொல்கிறேன்.

உனக்கு அக்காவின் முகம் ஞாபகமிருக்க வழியில்லை. நீ அப்போது கைக்குழந்தை. அப்பாவுக்குக் கொல்லிமலை மேலே செம்மேட்டில் யூனியன் ஆபீஸில் வேலை, எனக்குக் கீழே காலேஜில். வாரக்கடைசியில் நான் மேலே வருவேன், லீவு விட்டால் எல்லோரும் கீழே போவோம். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்காமல் அவள் ஒரு நாளும் மலை இறங்கியதில்லை. ஆனாலும் ஜன்னலோர சீட்டுதான் வேண்டும் என்று அடம்பிடிப்பாள். வாந்தி எடுத்து முடித்த கையோடு வாயைத் துடைத்துக்கொண்டு, கீழே தெரியும் ஊர்களை எனக்குக் காட்டுவாள். மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் கஷாயமும் மாத்திரையுமாகப் பார்த்துவிட்டு, விடிந்ததும் முதல் பஸ்ஸில் கீழே கொண்டுபோனோம். அன்றைக்கு அவள் என் மடியில் படுத்தபடியே வந்தாள், எல்லா வளைவும் தாண்டியும் வாந்தி எடுக்கவில்லை. எனக்கு அப்போதே பயம் பிடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் செய்ய வேண்டியதைச் செய்தார்கள், யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் இல்லாமல் மேலே வந்தோம்.

அதற்குப் பிறகு வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை. உன்னைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, லீவு போட்டுக்கொண்டு மலை முழுக்க நடந்தேன். செடி பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டேன், பாதி நாள் எதையும் பார்க்கவில்லை. என்னைத் தனியாக விடப் பயந்து அப்பாவும் கூடவே வந்தார். அட்டை கடித்தால் ஊரைக் கூட்டுகிற ஆள், காடு என்றாலே காத தூரம் ஓடுகிற ஆள், எனக்காகச் செருப்புக்குள் புகையிலையைத் தேய்த்துக்கொண்டு வந்தார். அடுத்த மழைக்கு அதே மலையில் வளப்பூர் நாட்டுப் பக்கம், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருந்த ஒரு சரிவில் அவற்றைப் பார்த்தேன். எல்லாம் குட்டை குட்டையாக இருந்தன. இலையில் சிற்றிலைகள் குறைவு, மடலில் வரியே இல்லாத வெளிர்பச்சை, வால் மடலை விட்டு வெளியே வரவே இல்லை. அந்தச் சரிவு முழுக்க அப்படித்தான் இருந்தன. நான் முட்டி போட்டு உட்கார்ந்து படம் வரைய, மழையில் தாள் நனையாமல் அப்பா குடை பிடித்துக்கொண்டு நின்றார். இது யாரும் எழுதாத செடி என்று அவரிடம் சொன்னேன். அப்படியென்றால் பெயர் இருக்காதே என்றார். வைக்க வேண்டும் என்றேன். இரண்டு பேருக்கும் ஒரே பெயர்தான் மனதில் இருந்தது.

இப்போது என் தொழில் தப்பைக் கேள். பாம்புச்சோளம் கிழங்கு சிறிதாக இருக்கும்வரை ஆண் பூ மட்டும் பூக்கும், உடம்பு தேறிய பிறகுதான் பெண்ணாகிக் காய் பிடிக்கும். இலையும் மடலும் வாலும் அதோடு சேர்ந்து மாறும். வகுப்பில் வருஷா வருஷம் நான் நடத்திய பாடம் இது. அந்தச் சரிவில் நான் பறித்தது எல்லாம் ஆண் பூ. "பெண் பூவும் காயும் காணப்படவில்லை" என்று என் கையாலேயே எழுதி அச்சிலும் ஏற்றினேன். வேறு யாராவது இப்படி எழுதிக்கொண்டு வந்திருந்தால், காய் பார்க்காமல் எதற்கடா பெயர் வைக்க ஓடி வருகிறாய் என்று தாளை மூஞ்சியில் வீசியிருப்பேன். அங்கே மேலே ஒரு சாண் மண், கீழே பாறை. அந்த நிலத்துக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரர் குச்சிக்கிழங்கு, அதுதான் மரவள்ளி, நடுவதற்காக வருஷா வருஷம் கொத்திக்கொண்டும் இருந்தார். கிழங்கு பெருக்க எங்கே வழி? பக்கத்து மலைகளைப் போய்ப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. போனால் அங்கேயும் இதே மாதிரி இருந்துவிடுமோ என்று பயந்துதான் போகவில்லை. ஒரு சரிவு, ஒரு மழைக்காலம், அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

பெயர் அச்சில் வந்த அன்றைக்கு அந்தத் தாளை அப்பா சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். கோகிலா என்ற பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த லத்தீன் வால் அவருக்குப் புரியவில்லை, கேட்கவும் இல்லை. காட்டுக்காரரிடம் போய், அந்த மூலையை மட்டும் கொத்தாமல் விட முடியுமா என்று கேட்டார். விஷயத்தைக் கேட்ட அந்த மனிதர், "புள்ள பேர் வெச்ச எடத்துல நான் எப்படிங்க கொத்து போடுவேன்" என்று சொல்லி அப்படியே விட்டுவிட்டார். கொத்தை நிறுத்தினாலும் பாறை பாறைதானே, செடி பெருக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் மழை பிடித்ததும் அப்பா வளப்பூர் பஸ் ஏறுவார். "புள்ளயப் பாத்துட்டு வாரேன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார். முதலில் கூடப் போனேன், பிறகு முழங்கால் விடவில்லை என்று நின்றுவிட்டேன். முழங்கால் மட்டும் காரணம் இல்லை, சாமி.

நீயும் அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தாய். ஒரு தடவை பள்ளிக்கூடத்தில், கூடப் பிறந்தவர்கள் யார் யார் என்று டீச்சர் கேட்டதற்கு, "எங்க அக்கா வளப்பூர்ல செடியா இருக்கறா" என்று சொல்லிவிட்டு வந்தாய். டீச்சர் பயந்துபோய் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். அப்பாவுக்குச் சிரிப்பு, எனக்கு அவமானம், வீட்டுக்கு வந்து உன்னைத் திட்டினேன். இன்னொரு தடவை சேனைக்கிழங்கு மாதிரிதானே என்று நினைத்து அந்தக் கிழங்கைப் பச்சையாகக் கடித்துவிட்டாய். நாக்கும் தொண்டையும் அரித்து நீ குதித்த குதியில் செம்மேடே திரண்டு வந்தது. அப்பா புளியும் வெல்லமும் கரைத்து ஊற்ற ஊற்ற, அக்கா கடிச்சுட்டா என்று அழுதாய். செடி படிக்கப் போகிறேன் என்று பிறகு நீ சொன்னபோது, அம்மாவைப் பார்த்து வந்த ஆசை என்று ஊரில் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ அக்காவைத் தேடிப் போகிறாய் என்றுதான் தோன்றியது, தடுக்க எனக்கு வாய் வரவில்லை.

உன் கட்டுரை வந்து கொஞ்ச நாள் கழித்து மருமகள் போன் செய்தாள். ஊறுகாய்க்கு எலுமிச்சை எப்படி நறுக்குவது என்று கேட்கத்தான் கூப்பிட்டாள். பேச்சோடு பேச்சாக, "அத்தை, உங்க பாம்புச்சோளம் மாடித் தொட்டியில என்னமா வளந்திருக்குதுங்க. போன வருஷமே காய்ச்சுது, இந்த வருஷமும் கருது செவப்பா நிக்குது" என்றாள். என்ன தொட்டி என்று கேட்டேன். வளப்பூரிலிருந்து நீ எடுத்து வந்த கிழங்கு என்றாள். அவளைத் திட்டாதே. அவள் வெள்ளந்தியாகச் சொன்னது, உன் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியது. கல்யாணத்துக்கு முன்னால் மழையில் வந்திருந்தாயே, அப்பாவோடு வளப்பூர் போய்விட்டு வந்தாயே, அப்போது எடுத்தது என்று புரிந்தது. நல்ல மண்ணில் வைத்து, வருஷா வருஷம் பெரிதாவதைப் பார்த்து, வால் வெளியே நீண்டதைப் பார்த்து, மடலில் வரி விழுந்ததைப் பார்த்து, காயும் பார்த்துவிட்டாய். பார்த்துவிட்டுத்தான் போதிய மாதிரிகள் இல்லை என்று எழுதியிருக்கிறாய். எலுமிச்சை பற்றி அவளுக்கு என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

கோபம் வந்தது. உன் மேல் இவ்வளவு கோபம் எனக்கு வந்ததே இல்லை. மற்றவர்கள் வைத்த பெயரையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, உன் வீட்டுப் பெயர் என்று வரும்போது கண்ணை மூடிக்கொள்வாயா? என் வாத்தியார் பிழைத்திருந்து இதைப் படித்தால் உன்னை என்ன நினைப்பார்? நாளைக்கு உன்னிடம் படிக்க வருகிற பிள்ளை அந்தச் சரிவுக்குப் போய் ஒரு கிழங்கைத் தோண்டி வைத்தால் போதும், உன் மானம் கப்பலேறிவிடும். இப்படியெல்லாம் மனதுக்குள் கத்தி முடித்த பிறகுதான் அழுகை வந்தது. நீ என்னை ஏமாற்ற நினைக்கவில்லை. அம்மா தாங்கமாட்டாள், அப்பா தாங்கமாட்டார் என்று நினைத்திருக்கிறாய். தொட்டியில் அந்தச் செடி ஒவ்வொரு இலையாக மாறியபோது தனியாக நின்று பார்த்தாயே, யாரிடமும் சொல்ல முடியாமல் இத்தனை மழைக்காலம் வைத்திருந்தாயே, அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. நாங்கள் உன்னை அப்படி வளர்த்துவிட்டோம். செத்தவளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் உன் முகத்தைப் பார்த்துப் பேசினோம், நீயும் எங்கள் முகத்தைப் பார்த்தே பேசப் பழகிவிட்டாய்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அது தனி இனம் இல்லை. அவை வளர இடமில்லாமல் போன குட்டிச் செடிகள். வளராமல் போன பிள்ளையின் பெயரை, வளராமல் நின்ற செடிகளுக்கு வைத்துவிட்டு, அதுதான் அவற்றின் முழு வளர்ச்சி என்று உலகத்துக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்கு அவள் அப்படித்தான் வேண்டும் என்று இருந்திருக்கிறது. எழுது, கண்ணு. தொட்டியில் பார்த்ததை அப்படியே எழுது. அம்மா வருத்தப்படுவாள் என்று ஒரு சொல்லையும் மெதுவாக்காதே. நான் வருத்தப்படத்தான் போகிறேன், அதற்கு நீ ஒன்றும் செய்ய முடியாது. இனி எந்தச் செடிக்குப் பெயர் வைத்தாலும் காயைப் பார்த்துவிட்டு வை. பிரியமானவர்கள் பெயரை வைக்காதே. வைத்தால் அந்தச் செடியைச் சந்தேகப்பட மனம் வராது, சந்தேகப்படுவதுதான் நம் வேலை. வீட்டில் மருமகளிடம் எதையும் இப்படி மூடி வைக்காதே. அவள் காப்பாற்ற வேண்டிய பொருள் இல்லை, உன் கூட நடக்கிறவள்.

அப்பாவிடம் சொல்வதுதான் மலையாக இருந்தது. வீட்டில் வாயெடுக்க முடியவில்லை. அவரே ஒரு நாள் காலையில் மழை பிடித்துவிட்டது என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மருந்து வாங்க வேண்டும் என்று நானும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். வளப்பூர் பஸ் இன்னும் வரவில்லை. சந்தைக்கு வந்த கூட்டம், பலாப்பழ மூட்டைகள், நசநசவென்று தூறல். அங்கே பெஞ்சில் உட்கார்ந்த பிறகு சொன்னேன். பையன் பொய் எழுதியிருக்கிறான், அது தனிச் செடி இல்லை என்று சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அது என்னது?" என்றார்.

"எல்லா மலையிலயும் இருக்கறதுதானுங்க. இங்க மண்ணு பத்தாம சின்னதாவே நின்னுபோச்சு."

பெயரை அழித்துவிடுவார்களா என்று கேட்டார். அழிக்கமாட்டார்கள், பழைய பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் கிடக்கும், தேடுகிறவர்கள் கண்ணில் மட்டும் படும் என்றேன். தலையை ஆட்டினார். பஸ் வந்தது. கண்டக்டருக்கு இவரைத் தெரியும், வாங்க என்று கையைக் காட்டினான். இவர் எழுந்திருக்கவில்லை. ஆள் ஏற்றிக்கொண்டு பஸ் போய்விட்டது. இத்தனை வருஷத்தில் அந்த பஸ்ஸை அவர் விட்டதே இல்லை. மனிதர் உடைந்துபோய்விட்டார் என்று நினைத்து, வாங்க வீட்டுக்குப் போகலாம் என்று கையைப் பிடித்தேன். அவர் நகரவில்லை.

"அவன எழுதச் சொல்லு. புள்ள பேர வெச்சுட்டு அவன் பொய் சொல்ல வேண்டாம்" என்றார். மழை வலுத்து, நாங்கள் இரண்டு பேரும் ஒரே குடைக்குள் ஒதுங்கி உட்கார்ந்திருந்தோம். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"பையன் ஊட்டுல இருக்கறது வளந்துருச்சா?"

"வளந்து காய்ச்சிருச்சுங்க. மருமக சொன்னா."

"வளந்தா எப்படி இருக்கும்னு நான் பாத்ததே இல்லியே" என்றார். "ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு."

அனுப்பு, சாமி. உன் பழக்கப்படி மடலை மட்டும், காயை மட்டும் என்று கிட்டே போய் எடுக்காதே. அடியிலிருந்து உச்சி வரைக்கும் முழுச் செடியும் விழ வேண்டும். பக்கத்தில் மருமகளை நிற்கச் சொல். எவ்வளவு உயரம் என்று அப்பாவுக்குத் தெரிய வேண்டும்.

அம்மா